வீட்டில் ஸ்ட்ரீமிங் இசை கேட்க ஆடியோ செட் வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஆடியோ கடையில் விற்பனையாளர் முதலில் காட்டுவது பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் தங்க நிற 'ஹை-ரெஸ்' (சிடியைவிட உயர் தரம்) முத்திரையை. அடுத்து வாட் கணக்கு. அப்புறம் கேபிள். இந்த மூன்றும் சேர்ந்து ஒலியை மாற்றுவதைவிட, ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வைப்பது அதிகம் மாற்றும். அதற்குச் செலவும் இல்லை. அதனால்தானோ என்னவோ யாரும் அதைச் சொல்வதில்லை.

நாம் கேட்கும் ஒலியைத் தீர்மானிப்பவை, பாதிப்பின் வரிசையில், இவை: பாட்டு எப்படிப் பதிவானது என்பது, ஸ்பீக்கர், அறை, ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்), பாட்டுச் செயலியின் (ஆப்) தரம், ஃபோனிலிருந்து ஒலி போகும் வழி, கடைசியாக டாக்கும் (டிஜிட்டல் எண்களை மின் அலையாக மாற்றும் கருவி) கேபிளும். முதலாவது நம் கையில் இல்லை. மற்றவற்றுக்குப் பணத்தை இந்த வரிசைப்படி பிரித்தாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம். கீழே உள்ள படிகளின் வரிசை கொஞ்சம் வேறு, அது வாங்கும்போது முடிவெடுக்க வேண்டிய வரிசை.

முதல் படி: எங்கே உட்கார்ந்து, எதைக் கேட்கப் போகிறீர்கள்

ஹாலில் குடும்பத்தோடு டிவி பக்கத்திலா, படுக்கையறையில் தனியாகவா, மேசையில் வேலை செய்துகொண்டே ஓரமாகவா? மூன்றுக்கும் மூன்று விதமான செட். ஹாலில் என்றால் டிவி ஒலியும் அதே ஸ்பீக்கரில் வர வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் செட் தூசி படிந்து நிற்கும். நம் வீடுகளில் பாதி 'ஸ்ட்ரீமிங்' டிவியில் ஓடும் யூடியூப்தானே. எனவே டிவி ஒலியை வாங்கிக்கொள்ளும் எச்.டி.எம்.ஐ. ஆர்க் இணைப்பு உள்ள ஆம்ப் அல்லது ஸ்பீக்கரைத் தேடுங்கள். டிவி ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். வீட்டில் மற்றவர்கள் செட்டை உபயோகிப்பார்களா மாட்டார்களா என்பது பெரும்பாலும் அந்த ஒரு வசதியில்தான் இருக்கிறது.

மேசைக்கு என்றால் ஆம்ப் உள்ளேயே இருக்கும் சிறிய பவர்டு ஸ்பீக்கர் போதும். தனியறையில் ராத்திரி கேட்பவர், ஒட்டுச் சுவர் ஃபிளாட்டில் இருப்பவர் இருவரும் ஹெட்ஃபோனைப் பற்றி யோசிக்கலாம். அதைப் பிறகு பார்ப்போம்.

இரண்டாம் படி: செயலியும் அதன் தர அமைப்பும்

சிடி 1982-ல் வந்தது. 16 பிட் (ஒவ்வொரு அளவீட்டின் நுணுக்கம்), 44.1 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 44,100 அளவீடுகள்), நொடிக்கு 1,411 கிலோபிட் தரவு. மனிதக் காது கேட்பது அதிகபட்சம் 20 கிலோஹெர்ட்ஸ் வரை. 44.1 என்ற எண் 22 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை முழுமையாகப் பிடித்துவிடும். இந்தத் தரவை ஒரு துளியும் இழக்காமல் சுருக்கித் தருவதுதான் 'லாஸ்லெஸ்'. ஃபிளாக், ஆப்பிளின் அலாக் இரண்டும் அந்த வகை.

ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனிலிருந்து கூடுதல் கட்டணம் இல்லாமல் லாஸ்லெஸ் தருகிறது. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். ஆண்ட்ராய்டிலும் உண்டு. ஸ்பாட்டிஃபை 2021-லேயே அறிவித்துவிட்டு 2025 செப்டம்பரில்தான் கொடுத்தது. 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் வரை. இந்தியாவில் அது பிளாட்டினம் என்ற மேல்நிலைத் திட்டத்தில் இருக்கிறது. யூடியூப் மியூசிக்கில் அதிகபட்சம் நொடிக்கு 256 கிலோபிட், ஜியோசாவனில் 320. சாதாரண யூடியூப் வீடியோவில் ஒலி பெரும்பாலும் 128-லிருந்து 160-க்குள்.

எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். 256, 320 கிலோபிட்டில் நன்றாகச் சுருக்கிய பாட்டை லாஸ்லெஸ்ஸிலிருந்து பிரித்துச் சொல்வது, கண்ணைக் கட்டிவிட்டால், பழகிய காதுக்கே கஷ்டம். 96, 128 என்று இறங்கும்போதுதான் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். தம்புராவின் ரீங்காரம் மணல் தேய்ப்பது போலாகிவிடும், ஜால்ராவின் இழுவை குழறும். ஆகவே முதல் வேலை புதுச் சந்தா வாங்குவது அல்ல, இருக்கும் செயலியின் செட்டிங்ஸைத் திறப்பது. பல செயலிகள் 'ஆட்டோமேட்டிக்' என்றே வரும், நெட் தடுமாறினால் தரத்தைச் சத்தமில்லாமல் குறைத்துவிடும். வைஃபைக்கு உச்ச தரத்தைத் தேர்ந்தெடுங்கள், டேட்டா சேவரை அணையுங்கள். ஆப்பிள் மியூசிக்கில் லாஸ்லெஸ்ஸை நீங்களேதான் ஆன் செய்ய வேண்டும். ஈக்வலைசர் (மேல், கீழ் ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி), 'பாஸ் பூஸ்ட்' எல்லாவற்றையும் இப்போதைக்கு அணைத்து வையுங்கள்.

டேட்டா கணக்கையும் பார்த்துவிடுவோம். சிடி தர ஃபிளாக் சராசரியாக நொடிக்கு 900 கிலோபிட் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 400 எம்.பி. ஆகும். வீட்டு ஃபைபர் இணைப்புக்கு இது தூசு. தினம் 2 ஜி.பி. என்ற மொபைல் ரீசார்ஜில் ஐந்து மணி நேரம் கேட்கலாம். 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் என்று போனால் அதே 2 ஜி.பி. ஒரு மணி நேரத்தைத் தாண்டாது.

அந்த 'ஹை-ரெஸ்' வேண்டுமா? இ. பிராட் மேயரும் டேவிட் மோரனும் 2007-ல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் ஆய்விதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயர் தரப் பதிவை அப்படியே ஒருமுறையும், நடுவில் 16 பிட் 44.1 ஆகக் குறைத்து ஒருமுறையும் ஒலிபரப்பி, எது எது என்று கேட்டார்கள். 554 முறை நடந்த சோதனையில் விடைகள் நாணயம் சுண்டியதற்குச் சமமாகவே வந்தன. அதை மறுத்து வாதிடுபவர்களும் உண்டு. வாதிட வேண்டிய அளவுக்குத்தான் வித்தியாசம் இருக்கிறது என்பதே எனக்குப் போதுமான பதில். சிடி தர லாஸ்லெஸ் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் காசு கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. பழைய கச்சேரிப் பதிவுகளையும் ஐம்பது, அறுபதுகளின் திரைப்பாடல்களையும் அதிகம் கேட்பவருக்கு எல்லை போடுவது செயலி அல்ல, மூலப் பதிவு. கேசட்டிலிருந்து எடுத்து ஏற்றிய கச்சேரியை லாஸ்லெஸ்ஸில் கேட்டால் டேப்பின் இரைச்சல்தான் லாஸ்லெஸ்ஸாகக் கேட்கும். ஒரே பாட்டுக்குச் செயலியில் நாலைந்து பதிப்பு இருக்கும். எதிரொலி சேர்த்து 'ஸ்டீரியோ'வாக்கிய பதிப்பைத் தவிர்த்து, ஒரே தடமாகப் பதிந்த அசல் மோனோவைத் தேடிப் பிடித்து பிளேலிஸ்ட்டில் போட்டு வையுங்கள். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து இதைச் செய்தால் எந்த டாக்கும் தராத முன்னேற்றம் கிடைக்கும்.

மூன்றாம் படி: ஃபோனிலிருந்து செட்டுக்கு எப்படிப் போகிறது

புளூடூத் எளிது, எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆனால் அது பாட்டை மறுபடியும் சுருக்கி அனுப்புகிறது. அடிப்படையான சுருக்க முறையான எஸ்.பி.சி. 328 கிலோபிட் வரை, ஆப்ட்-எக்ஸ் எச்.டி. 576, சோனியின் எல்டாக் 330, 660, 990 என்று மூன்று நிலைகளில் ஓடும். எல்டாக் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் ஃபோனிலும் அது இருக்க வேண்டும். ஐஃபோனில் எஸ்.பி.சி.யும் ஏ.ஏ.சி.யும் மட்டும்தான், ஆகவே ஐஃபோன் வைத்திருப்பவர் எல்டாக்குக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண். புளூடூத்தின் பெரிய தொல்லை ஒலித்தரமே அல்ல. பாட்டு நடுவே வாட்ஸப் 'டிங்' என்று ஸ்பீக்கரில் அடிக்கும், ஃபோனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனால் பாட்டு அறுந்துவிடும்.

வைஃபை வழியில் இந்தத் தொல்லை இல்லை. ஸ்பாட்டிஃபை கனெக்டிலும் கூகுளின் குரோம்காஸ்ட்டிலும் செட் நேராக இணையத்திலிருந்து பாட்டை எடுக்கும், ஃபோன் வெறும் ரிமோட். கால் வந்தாலும் பாட்டு நிற்காது. ஆப்பிளின் ஏர்பிளேயில் பாட்டு ஃபோன் வழியாகத்தான் போகும் என்றாலும் புளூடூத்தைவிடத் தரமும் தூரமும் அதிகம்.

வைஃபையில் பாட்டை எடுத்து ஆம்ப்புக்கோ ஸ்பீக்கருக்கோ தரும் ஸ்ட்ரீமர் பெட்டி வாங்கும்போது செயலியை முதலில் வைத்து, பெட்டியை அதற்குப் பொருத்துங்கள். வீம் நிறுவனத்தின் சிறிய பெட்டிகள் இந்தியாவில் சுலபமாகக் கிடைக்கின்றன. வீம் மினியில் ஏர்பிளேயும் ஸ்பாட்டிஃபை கனெக்டும் உண்டு, குரோம்காஸ்ட் இல்லை. வீம் ப்ரோவில் மூன்றும் உண்டு. அதைவிட விலை கூடிய வீம் அல்ட்ராவில் ஏர்பிளே கிடையாது! ஐஃபோனும் ஆப்பிள் மியூசிக்கும் வைத்திருப்பவர் 'மேல் மாடல்தானே நல்லது' என்று அதை வாங்கிவிட்டால் திண்டாட்டம்தான். வீட்டில் பழைய குரோம்காஸ்ட் ஆடியோ கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். 2019-ல் கூகுள் அதை நிறுத்திவிட்டது, ஆனாலும் வேலை செய்யும் வரை அது நல்ல ஸ்ட்ரீமர்தான்.

நான்காம் படி: அறையைப் பாருங்கள்

ஆடியோ விமர்சனங்கள் பெரும்பாலும் மரத் தரையும் கார்ப்பெட்டும் ஜிப்சம் சுவரும் உள்ள வீடுகளிலிருந்து எழுதப்படுகின்றன. நம் வீடு அப்படியில்லை. சிமெண்ட் பூச்சுச் சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் அல்லது கிரானைட் தரை. ஆறு பக்கமும் ஒலியைத் திருப்பி அடிக்கும். அறையின் நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கை தட்டுங்கள். 'ட்ர்ர்ர்' என்று ஒரு நடுக்கம் தொடர்ந்தால், இணையான இரண்டு சுவர்களுக்கிடையே ஒலி பந்தாடுகிறது என்று அர்த்தம். அந்த அறையில் எவ்வளவு விலை உயர்ந்த ஸ்பீக்கர் வைத்தாலும் பாடகரின் சாகித்யம் மங்கும், மிருதங்கச் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

இதற்குத் தனி 'அக்கூஸ்டிக் பேனல்' வாங்குவதற்கு முன் வீட்டில் இருப்பதைப் பயன்படுத்துங்கள். ஜன்னலுக்குக் கனமான திரை, மடிப்பு மடிப்பாக. ஒரு சுவரில் திறந்த புத்தக அலமாரி. துணி போர்த்திய சோபா. ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே தரையில் பவானி ஜமக்காளம். ஜமக்காளம் மெல்லியது என்பதால் கீச்சென்ற மேல் ஒலிகளைத்தான் குறைக்கும். அடியில் ஒரு பழைய மெத்தையோ தடித்த விரிப்போ போட்டால் இன்னும் கொஞ்சம் கீழே வரை வேலை செய்யும். முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டும் யோசனையை யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அது எதையும் சொல்லும்படி உறிஞ்சாது, பல்லி குடியேறும், தீப்பிடிக்கும்.

பாஸ், அதாவது தாழ்ந்த ஒலி, வேறு பிரச்சினை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்து அடி உயரக் கூரை என்பது நம் ஊர் படுக்கையறைக்கு வழக்கமான அளவு. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி முட்டி நின்று வீங்கும் அதிர்வெண், ஒலியின் வேகத்தை அந்தத் தூரத்தின் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். பத்து அடிக்கு அது சுமார் 57 ஹெர்ட்ஸ், பன்னிரண்டு அடிக்கு 47. அகலமும் உயரமும் ஒரே பத்து அடியாக இருப்பதால் 57 ஹெர்ட்ஸில் இரட்டை வீக்கம். பேஸ் கிடாரின் ஒரு குறிப்பிட்ட சுரம் மட்டும் 'பூம்' என்று அறையை அடைப்பதற்கு இதுதான் காரணம். இந்த அறைக்குப் பெரிய சப்வூஃபர் வாங்குவது எரிகிற நெருப்பில் எண்ணெய். ஐந்து அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலி தரும் பகுதி) உள்ள சிறிய ஸ்பீக்கர் இங்கே கோபுர ஸ்பீக்கரைவிடச் சுத்தமாகக் கேட்கும். பாஸ் குறைவாக வாங்கி அறையிடம் கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதிகமாக வந்த பாஸைத் திரை, விரிப்பு போட்டுக் குறைப்பது கஷ்டம்.

அப்புறம் மின்விசிறி. ஃபேன் ஓடும் அறையின் 'அமைதி'யே 40 டெசிபலை (சத்தத்தின் அலகு) சுலபமாகத் தாண்டும். 16 பிட் பதிவில் மிக மெல்லிய ஒலிக்கும் உச்ச ஒலிக்கும் நடுவே 96 டெசிபல் இடைவெளி உண்டு. அதில் பாதியை ஃபேனே மூடிவிடுகிறது. 24 பிட்டுக்குக் காசு கொடுப்பதைவிடச் சத்தமில்லாத ஃபேன் வாங்கலாம், விளையாட்டாகச் சொல்லவில்லை.

ஐந்தாம் படி: ஸ்பீக்கர்

மொத்தப் பணத்தில் பாதிக்கு மேல் இங்கே போகட்டும்.

நல்ல ஸ்பீக்கர் என்பது தனிப்பட்ட ரசனை என்று ஒரு பேச்சு உண்டு. ஓரளவுக்குத்தான் உண்மை. 1980-களில் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃபிளாய்ட் டூல் திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை வைத்து, பெயர் தெரியாமல் மதிப்பெண் போடச் சொன்னார். பெரும்பாலானோர் ஒரே மாதிரி ஸ்பீக்கரையே விரும்பினார்கள். நேர் எதிரே எல்லா அதிர்வெண்ணும் சமமாக வரும், பக்கவாட்டில் போகும் ஒலியும் திடீர் மேடு பள்ளம் இல்லாமல் சீராகக் குறையும் ஸ்பீக்கர் அது. பக்கவாட்டு ஒலி முக்கியம், ஏனென்றால் அதுதான் நம் டைல்ஸ் தரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பி வருகிறது. இப்படி அளந்த வரைபடங்களை ஆடியோ சயின்ஸ் ரிவ்யூ, ஸ்பினோராமா போன்ற தளங்களில் மாடல் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். வாங்கும் முன் பத்து நிமிடம் அதற்கு ஒதுக்குங்கள். யூடியூப் விமர்சகரின் வர்ணனையைவிட அது நம்பகமானது.

அடுத்த கேள்வி, பவர்டா பாஸிவா? பவர்டு ஸ்பீக்கரில் ஆம்ப் உள்ளேயே இருக்கும், ஸ்ட்ரீமரைச் செருகினால் போதும். இடம் மிச்சம், பணம் மிச்சம். இசைக்கலைஞர்களுக்கான ஸ்டுடியோ மானிட்டர்களும் இந்த வகைதான், விலைக்கு ஒலி மிக நேர்மையாக இருக்கும். குறை என்னவென்றால் சில மானிட்டர்களில் பக்கத்தில் உட்கார்ந்தால் மெல்லிய 'ஸ்ஸ்' இரைச்சல் கேட்கும், ரிமோட் இருக்காது. பாஸிவ் ஸ்பீக்கருக்குத் தனி ஆம்ப் வேண்டும். ஆனால் இருபது வருடம் வைத்திருக்கலாம். உள்ளே போர்டு புகைந்து போய் மொத்தப் பெட்டியும் வீணாகும் பயம் இல்லை, ஆம்ப் போனால் ஆம்ப்பை மட்டும் மாற்றலாம். மின்சாரம் ஏறி இறங்கும் ஊரில் இருப்பவருக்கு நான் பாஸிவ்தான் சொல்வேன்.

சவுண்ட்பார் சினிமா வசனத்துக்குச் சரி. வயலின் இடப்பக்கம், மிருதங்கம் வலப்பக்கம் என்று கச்சேரி விரிய வேண்டுமானால் தள்ளி வைத்த இரண்டு பெட்டிகள் வேண்டும்.

கடையில் கேட்டுப் பார்க்கும்போது அவர்கள் போடும் டெமோ பாட்டில் எல்லா ஸ்பீக்கரும் அருமையாகத்தான் இருக்கும். உங்கள் ஃபோனிலிருந்து உங்களுக்கு மனப்பாடமான பதிவைப் போடுங்கள். நான் இரண்டு வாத்தியங்களை வைத்துப் பார்ப்பேன். ஒன்று தம்புரா. 1921-ல் சி.வி. ராமன் எழுதிய கட்டுரை ஒன்று இதைப் பற்றியது. ஒரு தந்தியைக் கிள்ளும் இடத்தில் கணு (அசையாத புள்ளி) உள்ள மேற்சுரங்கள் (ஹார்மோனிக்ஸ்) எழக்கூடாது என்பது பழைய விதி. வளைந்த பிரிட்ஜும் அங்கே தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவா நூலும் இருப்பதால் தம்புராவில் அவையும் எழுகின்றன. ஸ்பீக்கரின் ட்வீட்டரில் (மேல் ஒலி தரும் பகுதி) ஏதாவது கோணல் இருந்தால் அந்தத் திரண்ட ரீங்காரத்தில் ஒரு பகுதி மட்டும் துருத்திக்கொண்டு காதைக் குத்தும். அல்லது ரீங்காரமே செத்துக் கிடக்கும். இரண்டாவது மிருதங்கம். அதன் வலந்தலையில் (வலது முகம்) கரணை என்ற கறுப்புப் பசை பூசியிருப்பதால்தான் அது வெறும் தட்டுச் சத்தமாக இல்லாமல் சுரமாக ஒலிக்கிறது என்று ராமனும் சிவகாளி குமாரும் 1920-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். ஆகவே வலந்தலைச் சொல் சுருதியோடு கேட்க வேண்டும், தொப்பியின் (இடது முகம்) கும்கி என்ற தாழ்ந்த ஒலி வளைந்து அடங்குவது தெளிவாகத் தெரிய வேண்டும். கும்கி வெறும் 'தொம்' என்று முடிந்தால் அந்த ஸ்பீக்கரின் பாஸ் மந்தம். மேற்கத்திய இசை கேட்பவர் பியானோவையும் பேச்சுக் குரலையும் வைத்துப் பார்க்கலாம். குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல இருந்தால் வேறு எதையும் கேட்க வேண்டியதில்லை.

இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது சத்த அளவைச் சமமாக வையுங்கள். ஒரே ஒரு டெசிபல் கூடினாலும் 'இது தெளிவாக இருக்கிறதே' என்று மூளை சொல்லிவிடும். விற்பனையாளருக்கு இது நன்றாகத் தெரியும்.

ஆறாம் படி: ஆம்ப்பும் வாட் கணக்கும்

'5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று டேப்ரெக்கார்டர் மேல் ஒட்டியிருந்த காலத்தை நினைவிருக்கிறதா? அந்த எண்ணுக்கு எந்த அர்த்தமும் கிடையாது. பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய வாட்), அதுவும் எத்தனை ஓம் (மின்தடை) ஸ்பீக்கருக்கு என்பதோடு.

கணக்கு எளிது. ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி 87 டெசிபல் என்றால், ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் அவ்வளவு சத்தம். இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 6 குறையும், இரண்டு ஸ்பீக்கர் என்பதால் 3 கூடும். ஆக 84. வீட்டில் நிம்மதியாகக் கேட்கும் அளவு 70-லிருந்து 75 டெசிபல்தான், அதாவது ஒரு வாட்டுக்கும் குறைவு. திடீரென்று தவில் முழங்கும் உச்சத்துக்கு 95 டெசிபல் என்று வைத்தாலும் சுமார் 13 வாட்தான் ஆகிறது. எனவே நல்ல 40, 50 வாட் ஆம்ப் ஒரு ஹாலுக்குத் தாராளம். வாட்டை இரு மடங்காக்கினால் 3 டெசிபல்தான் கூடும், காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்றப் பத்து மடங்கு வாட் வேண்டும். 50 வாட்டை விட்டுவிட்டு 80 வாட்டுக்குக் கூடுதல் பணம் கொடுப்பவர் இதை யோசிக்கலாம்.

கவனிக்க வேண்டியது ஜோடிப் பொருத்தம். கெஃப் எல்எஸ்50 மெட்டா ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி 85 டெசிபல், கிளிப்ஷ் ஆர்.பி.-600எம்முக்கு நிறுவனம் சொல்வது 96. இரண்டுக்கும் நடுவே பத்து மடங்குக்கு மேல் வாட் வித்தியாசம். சென்சிட்டிவிட்டி குறைந்த, 4 ஓம் ஸ்பீக்கரைச் சின்ன ஆம்ப்பில் மாட்டினால் சத்தத்தைக் கூட்டும்போது ஒலி கரகரக்கும், ஆம்ப்பும் சூடேறும். சத்தத்தைக் கூட்டுவதற்கும் ஓர் எல்லை உண்டு: வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபல்தான் பாதுகாப்பான வரம்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஏழாம் படி: டாக், கேபிள்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். டிஜிட்டல் எண்களை மின் அலையாக மாற்றுவது டாக். உங்கள் ஸ்ட்ரீமருக்குள்ளோ ஆம்ப்புக்குள்ளோ ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, இன்றைக்கு வரும் பெரும்பாலானவை காதுக்குப் போதுமான அளவு சுத்தம். தனி டாக் வாங்கும் காரணம், இருப்பதில் இரைச்சல் கேட்கிறது அல்லது தேவையான சாக்கெட் இல்லை என்பதாக மட்டும் இருக்கட்டும்.

ஸ்பீக்கர் ஒயர் தாமிரமாக இருக்க வேண்டும், 1.5 சதுர மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் ஐந்து மீட்டர் வரை கவலையில்லை. அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசிய ஒயரையும் 'காப்பர்' என்றே விற்கிறார்கள். நுனியைச் சுரண்டிப் பாருங்கள், வெள்ளி நிறம் தெரிந்தால் வேண்டாம். ரிச்சி தெருவில் மீட்டர் கணக்கில் வாங்கும் சாதாரணத் தாமிர ஒயருக்கும் பாம்புத் தோல் உறை போட்ட ஒயருக்கும் ஒலியில் வித்தியாசம் இல்லை.

எட்டாம் படி: கரண்ட்

வெளிநாட்டு வழிகாட்டிகளில் இந்தப் பகுதியே இருக்காது. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது ஸ்பீக்கரில் 'ஞொய்ங்' என்று சத்தம் வந்தால் உங்களுடையது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். ஆம்ப்பை அந்த லைனில் போடாதீர்கள், இல்லை ப்யூர் சைன் வேவுக்கு மாறுங்கள். எப்போதும் 'ம்ம்ம்' என்று தாழ்ந்த முனகல் இருந்தால் அது எர்த் பிரச்சினையாக இருக்கலாம். டிவி ஒரு பிளக்கிலும் ஆம்ப் எதிர்ச்சுவர் பிளக்கிலும் இருந்தால் இரண்டையும் ஒரே ஸ்பைக் பஸ்டருக்குக் கொண்டு வாருங்கள். செட்-டாப் பாக்ஸின் கேபிளைக் கழற்றியதும் முனகல் நின்றால் திருடன் அவன்தான். மூன்றாவது பின்னை உடைத்துவிட்டுச் செருகும் வைத்தியம் மட்டும் வேண்டாம், உயிருக்கு ஆபத்து.

அமெரிக்காவிலிருந்து அண்ணனோ மச்சானோ வாங்கி வரும் ஆம்ப்பின் பின்புறத்தைப் படியுங்கள். '120V' என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் செருகிய நொடியில் கதை முடிந்தது. '100-240V' என்று இருந்தால் பயமில்லை. இங்கே வாரண்டி செல்லுமா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பட்ஜெட்டுக்கு ஏற்ற மூன்று செட்

15,000 ரூபாய்க்குள்: எடிஃபையர் ஆர்1280டிபி போன்ற பவர்டு ஸ்பீக்கர் ஜோடி. புளூடூத்தும் ஆப்டிகல் இணைப்பும் இருப்பதால் டிவியையும் மாட்டலாம். சின்ன அறைக்கு இதுவே நிறைவு. பின்னால் பணம் வரும்போது ஒரு வீம் மினியைச் சேர்த்தால் வைஃபைக்கு மாறிவிடலாம்.

60,000-லிருந்து 80,000 வரை: பாஸிவ் புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, வார்ஃப்டேல் டயமண்ட் 12 வரிசை, க்யூ அக்கூஸ்டிக்ஸ் 3000 வரிசை, எலாக் டெபியூ போன்றவற்றில் ஒன்று. கூடவே வீம் ஆம்ப் மாதிரி ஸ்ட்ரீமர், டாக், ஆம்ப், எச்.டி.எம்.ஐ. ஆர்க் எல்லாம் ஒரே பெட்டியில் வரும் கருவி. வீம் ஆம்ப் 8 ஓமில் 60 வாட் தருகிறது. என்னைக் கேட்டால் பெரும்பாலான குடும்பங்கள் நிறுத்திக்கொள்ள வேண்டிய இடம் இது.

ஒன்றரை லட்சமும் அதற்கு மேலும்: ஆம்ப்பை அப்படியே வைத்துக்கொண்டு ஸ்பீக்கரை மட்டும் கெஃப் எல்எஸ்50 மெட்டா போன்ற ஒன்றுக்கு உயர்த்துங்கள். மிச்சப் பணத்தில் திரை, அலமாரி, ஸ்டாண்டு. கொல்கத்தாவின் சோனோடைன் போன்ற நம் நாட்டு நிறுவனங்களையும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள், இறக்குமதி வரி இல்லாததால் அதே விலைக்குப் பெரிய பெட்டி கிடைக்கும்.

ஹெட்ஃபோன்காரர்களுக்கு ஒரே வரி: ஒயர் உள்ள நல்ல ஹெட்ஃபோன், அதோடு ஃபோனில் செருகி ஹெட்ஃபோனை மாட்டும் ஆப்பிளின் குட்டி யு.எஸ்.பி.-சி டாங்கிள். அது 24 பிட் 48 கிலோஹெர்ட்ஸ் வரை போகும் முறையான டாக். சில ஆண்ட்ராய்டு ஃபோன்களில் மட்டும் சத்தம் குறைவாக வரும், வாங்கும் முன் உங்கள் ஃபோனில் செருகிப் பாருங்கள்.

ஒன்பதாம் படி: வீட்டில் வைக்கும் விதம்

ஷோகேஸின் மேல் தட்டிலும் பீரோ தலையிலும் ஸ்பீக்கரை ஏற்றும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே உள்ள தூரமும், ஒவ்வொன்றிலிருந்தும் உங்களுக்கு உள்ள தூரமும் ஏறக்குறைய சமமாக, முக்கோணமாக அமையட்டும். ட்வீட்டர் காது உயரத்தில். தரையில் சம்மணமிட்டுக் கேட்பவர் ஸ்டாண்டை அதற்கேற்பத் தாழ்த்த வேண்டும், அல்லது ஸ்பீக்கரை லேசாகக் கீழே சாய்க்க வேண்டும். பின்சுவரிலிருந்து ஒரு அடி, மூலையிலிருந்து இன்னும் கூடுதலாக. பின்பக்கம் ஓட்டை உள்ள ஸ்பீக்கருக்கு இந்த இடைவெளி கட்டாயம்.

இப்போது பழைய மோனோ பாட்டு ஒன்றைப் போடுங்கள். குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் சரியாக நடுவில், வெறும் காற்றில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு ஸ்பீக்கர் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அல்லது ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் திறந்த கதவு. குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் பரவி, பாஸும் மெலிந்திருந்தால் ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு, கறுப்பு ஒயர்கள் இடம் மாறியிருக்கின்றன. ஆம்ப்பை அணைத்துவிட்டு மாற்றிச் செருகுங்கள்.

இவ்வளவும் ஆன பிறகு ஈக்வலைசரைத் திறக்கலாம். அந்த 57 ஹெர்ட்ஸ் வீக்கத்தைக் குறைக்க அது உதவும். வீம் செயலியில் ஃபோன் மைக்கை வைத்தே அறையை அளந்து திருத்தும் வசதி இருக்கிறது. குறைப்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். காணாமல் போன பாஸைக் கூட்டப் போனால் வூஃபர் திணறும்.

ஆன்லைனில் வாங்கியிருந்தால் திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள், ஃபேனை அணைத்துவிட்டு ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனித்தனியாக, குறைந்த சத்தத்திலும் கொஞ்சம் கூடுதல் சத்தத்திலும் கேட்டுப் பாருங்கள். ஒன்றில் மட்டும் கரகரப்பு, அதிர்வு, மந்தம் ஏதாவது இருந்தால் 'பழகினால் சரியாகிவிடும்' என்ற பேச்சை நம்பாமல் திருப்பி அனுப்புங்கள். பில்லை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். அட்டைப் பெட்டியையும் தெர்மாகோலையும் வாரண்டி முடியும் வரை பரணில் போட்டு வைத்தால், சர்வீஸுக்கு அனுப்பும்போதும் பின்னால் விற்கும்போதும் உதவும்.